யூ என்றால் நீயா நீங்களா

திராட்சைப் பந்தலுக்குள் வேலை செய்கிறவர்களுக்குக் கழுத்துதான் முதலில் போகும். காலையில் கையைத் தலைக்கு மேலே தூக்கினால் சாயங்காலம்தான் இறக்குவது. கவாத்து முடிந்து துளிர் விட்டதும் வேண்டாத தளிரைக் கிள்ளிப் போட வேண்டும், வேண்டியதைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நிழலில் நின்று செய்கிற சொகுசான வேலையாகத் தெரியும். வீட்டுக்குப் போய் சோற்றுப் பானையை இறக்கும்போதுதான் தோள்பட்டை கதை சொல்லும்.

கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் சீனிச்சாமிக்குப் பரந்த பன்னீர் திராட்சைத் தோட்டம். அதற்கு ஆள் கூட்டி வருகிறவள் நாகஜோதி. காலனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்களைத் திரட்டி, வராதவள் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டு, விடிந்ததும் தோட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். முன்பெல்லாம் இது பெரிய காரியமில்லை. இப்போது விடியற்காலையில் காலனி முக்கிலேயே ஜீப் வந்து நின்றுவிடுகிறது. ஏறி உட்கார்ந்தால் கம்பம்மெட்டு தாண்டிக் கேரளாப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவான். கூலி அங்கே கூடுதல். ஜீப்பை விட்டுவிட்டு இந்தப் பெண்கள் கீழேயே நிற்கிறார்கள் என்றால் அது நாகஜோதியின் வாய்க்காகத்தான். சீனிச்சாமிக்கும் அது தெரியும்.

நாகஜோதி ஏன் ஜீப் ஏறவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அவள் மகள் பவானி, கம்பம் ரோட்டில் இருக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஏழைப் பிள்ளைகளுக்கு என்று அரசாங்கம் ஒதுக்கச் சொன்ன இலவச இடத்தில் எல்.கே.ஜி.யில் சேர்ந்தவள். அந்த இலவசம் எட்டாம் வகுப்போடு சரி. பவானி எட்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஒன்பதுக்குப் போக வேண்டுமானால் மற்ற பிள்ளைகளைப் போலப் பணம் கட்ட வேண்டும். நாகஜோதியும் அவள் புருசன் சுருளிவேலும் வருசம் முழுக்கச் சோறு தின்னாமல் சேர்த்தாலும் கட்ட முடியாத பணம் அது.

பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர் சீனிச்சாமிக்கு வேண்டியவர். சீனிச்சாமியின் ஒரே மகன் தமிழ்மாறனும் அங்கேதான், பவானியின் வகுப்பில்தான். "நீ ஆளுகள மேல போக விடாமப் பாத்துக்க, ஒம் மக விசயத்த நான் பாத்துக்கிறேன்" என்று சீனிச்சாமி பங்குனியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்கிறேன் என்றால் கட்டுகிறேன் என்று அர்த்தமா, சொல்லிப் பார்க்கிறேன் என்று அர்த்தமா என்பது நாகஜோதிக்குப் பிடிபடவில்லை. கேட்டால் உள்ளதும் போய்விடுமோ என்று கேட்காமல் இருந்தாள்.

வீரபாண்டித் திருவிழா முடிந்து வெயில் உச்சத்தில் இருந்த வாரம் அது. தொகுப்பு வீட்டுக்குள் பகலில் இருக்க முடியாது. காங்கிரீட் கூரை அனலைக் கக்கும். அதனால் பவானி அம்மாவோடு தோட்டத்துக்கு வந்து மோட்டார் ரூம் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள். கொடியில் கை வைக்க நாகஜோதி விட மாட்டாள். "தண்ணி வேணா மோந்து குடு. கத்தரியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்பாள். இந்த வேலை மகளின் கைக்குப் பழகிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பயம்.

அன்றைக்குச் சீனிச்சாமியின் மனைவி அனுசுயாவும் மகனும் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். தமிழ்மாறன் போனைப் பார்த்துக்கொண்டே பந்தலுக்குள் நடந்து வந்தான். அவன் தலைக்கு நேரே கம்பியில் செங்குளவி கூடு வைத்திருந்தது. பவானிதான் பார்த்தாள்.

"டேய் மாறா, குளவிடா. குனி."

அவன் குனிந்தான். அப்படியே தவழ்ந்து வெளியே வந்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் பந்தலுக்குள் தளிர் கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். குளவிக்காக அல்ல. நாகஜோதிக்கு முகம் சுண்டிப்போனது. அனுசுயா தோட்டத்துத் தகரச் செட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

"நாகஜோதி, இங்கன வா."

"சொல்லுங்க மொதலாளியம்மா."

"ஒம் மக எம் மகன என்னன்னு கூப்பிட்டா, கேட்டியா?"

"குளவி கொட்டிருமோன்னு பதறிட்டா மொதலாளியம்மா."

"கொட்டட்டும். கொட்டுனா ரெண்டு நாள்ல வீக்கம் வத்திரும். இம்புட்டு ஆளுக நிக்கிற எடத்துல டேய்ங்கிறா, டாங்கிறா. நாளைக்கி இந்தத் தோட்டத்த அவன்தான பாக்கணும்? யாரு மதிப்பா?"

"ஒரே வகுப்புல படிக்கிதுக. அந்தப் பழக்கத்துல…"

"வகுப்பெல்லாம் பள்ளிக்கூடத்துல. அதுவும் இந்த வருசம் எப்பிடியோ. ஐயா ஏதோ சொன்னாகளாம்ல, ஒம்பதாப்புக்கு. நான் ஒண்ணும் தடுக்கல. ஆனா மரியாத தெரியாத பிள்ளைக்கு நாம எதுக்குச் செய்யணும்னு அவுகளுக்கே தோணிறப் போகுது. பாத்துக்க."

அனுசுயா குரலை உயர்த்தவில்லை. அவள் கெட்டவள் இல்லை. தீபாவளிக்கு ஆள் தவறாமல் சேலை எடுத்துக் கொடுப்பாள். காய்ச்சலில் கிடந்தவளைத் தன் காரிலேயே கம்பம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாள். எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவள், அவ்வளவுதான்.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பேச்சு அதைப் பற்றித்தான். ஞானசெல்வி வீட்டிலிருந்து கப்பைக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் கொஞ்ச நாள் ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டு, இடுப்பு வலி தாங்காமல் கீழே இறங்கியவள்.

"மேல போனா மலையாளத்துல சேச்சி, அக்காங்கிறான். அங்க கணக்கு எழுதுறவனுக்கு எங்க அப்பன் வயசு. அவனும் சேச்சிதான், நேத்து வந்த பயலும் சேச்சிதான். கீழ எறங்குனா ஏய்ங்கிறாக" என்றாள்.

"சேச்சின்னு சொல்லிட்டுக் கூலியக் கொறைச்சான்னா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கொறைப்பான்தான். கொறைச்சாலும் சேச்சின்னுட்டுத்தான் கொறைப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நாகஜோதி கிழங்கைத் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டில் மொச்சைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சுருளிவேல் மலையிலிருந்து இறங்கிவந்து, மருந்தடித்த சட்டையை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுக் குளித்து வந்து உட்கார்ந்தான். ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற வேலை அவனுக்கு.

"பவானி, இனிமே தோட்டத்துல அந்தத் தம்பிய டேய்னு கூப்பிடாத" என்றாள் நாகஜோதி.

"எல்.கே.ஜி.லருந்து அப்பிடித்தாம்மா கூப்பிடுறேன்."

"பள்ளிக்கூடத்துல என்னமும் கூப்பிட்டுக்க. தோட்டத்துல வேணாம்."

"தோட்டத்துல அவன் வேற ஆளா?"

சுருளிவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஆமாத்தா. தோட்டத்துல அவன் வேற ஆளு. நீயும் வேற ஆளு."

"அப்ப என்னன்னு கூப்பிடணும்?"

"சின்ன மொதலாளின்னு கூப்பிடு. வாங்க போங்கன்னு பேசு" என்றாள் நாகஜோதி.

பவானி சிரித்துவிட்டாள். கணக்குப் பரீட்சையில் இவளைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவன். போன மாதம்தான் இவளுடைய வாட்டர் பாட்டிலை ஒளித்து வைத்து அடி வாங்கினான். அவனைப் போய் வாங்க என்பதா என்று அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நீ ஒம்பதாப்புப் போகணுமா வேணாமா?" என்றாள் நாகஜோதி.

பவானி தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

மறுநாள் சீனிச்சாமி கொடியைப் பார்வையிட வந்தார். மகனும் கூட வந்திருந்தான். வந்தவன் வாய்க்கால் பக்கம் போய்விட்டான். "எங்கன போனான் இவன்?" என்று சீனிச்சாமி தேடியபோது பவானி எழுந்து வாய்க்கால் பக்கம் பார்த்து, தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மாறன், யுவர் ஃபாதர் இஸ் லுக்கிங் ஃபார் யூ. வில் யூ ப்ளீஸ் கம் ஹியர்?"

பந்தலுக்குள் மறுபடியும் கைகள் நின்றன. சீனிச்சாமி திரும்பிப் பார்த்தார். அவர் எட்டாம் வகுப்போடு ஏர் பிடிக்க வந்தவர். ஆங்கிலத்தில் பேசினால் உருப்பட்டுவிடலாம் என்பதில் எங்கள் பள்ளத்தாக்கில் முதலாளிக்கும் கூலிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

"நாகஜோதி, ஒம் மகளா இது?"

"ஆமா மொதலாளி."

"இவனுக்கும் அதே பள்ளிக்கூடம்தான. வாயத் தொறக்க மாட்டேங்கிறான். இந்தாத்தா, இங்கன இருக்கிற வரைக்கும் இவன்கிட்ட இங்கிலீசுலயே பேசு. கேட்டுக் கேட்டாச்சும் வரட்டும்." பிறகு நாகஜோதியைப் பார்த்து, "ஒம்பதாப்புக் கவலைய விடு. நான் கட்டுறேன். மொத டேர்முக்கு ஜூன்ல கட்டிருவோம்" என்றார்.

கட்டுகிறேன் என்ற சொல்லை நாகஜோதி அன்றைக்குத்தான் கேட்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலைக்கு மேலே கொடியைப் பார்ப்பதுபோல நிமிர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு பவானி தோட்டத்தில் அவனோடு ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசினாள். அவனும் தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னான். யாருக்கும் எதுவும் புரியாது என்பதால் யாருக்கும் அதில் குறை கண்டுபிடிக்கவும் முடியவில்லை. "டிவி ஓடுற மாதிரில்ல இருக்கு" என்று ஞானசெல்வி சந்தோசப்பட்டாள்.

அனுசுயாவுக்கு மட்டும் உறுத்தியது. பக்கத்துத் தேவாரம் ஊரில் தமிழ் மீடியத்தில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவள் அவள். காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த நேரத்தில் மாப்பிள்ளை வந்துவிட்டது. ஆங்கிலம் கொஞ்சம் படிப்பாள். பேச்சு வேகமாகப் போனால் பின்னால் ஓட முடியாது. தன் மகனிடம் ஒரு காலனிப் பிள்ளை தனக்குப் புரியாமல் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தாங்கவில்லை. வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சொல் அடிக்கடி வந்தது.

"நாகஜோதி, ஒம் மக பேச்சுக்குப் பேச்சு யூ யூங்கிறாளே. அது நீயா, நீங்களா?"

"கேட்டுச் சொல்றேன் மொதலாளியம்மா."

அன்றைக்குச் சாயங்காலம் மகளைக் கேட்டாள்.

"ரெண்டும்தாம்மா" என்றாள் பவானி.

"ரெண்டும்னா?"

"நீன்னாலும் யூ, நீங்கன்னாலும் யூ. நாய்க்குட்டிக்கும் யூ, கலெக்டருக்கும் யூ."

"இதென்னடி கூத்தா இருக்கு. அப்ப மரியாதைய எங்கன வைப்பாக?"

"வேணும்னா சார், மேடம்னு சேத்துக்கிருவாக."

"நீ அந்தத் தம்பிக்குச் சேப்பியா?"

"அவன் என்ன ஹெட்மாஸ்டரா?"

இதை எப்படி அனுசுயாவிடம் போய்ச் சொல்வது என்று நாகஜோதிக்குப் பயமாக இருந்தது. கூடவே, சொல்லப்போனால், கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. ஒரே சொல்லில் நாயையும் கலெக்டரையும் கூப்பிட முடிகிற பாஷை ஒன்று இருக்கிறது, அது தன் மகளின் வாயில் இருக்கிறது. அடுப்படியில் தனியாக நின்று "யூ" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் அனுசுயாவிடம் பொய் சொன்னாள். "நீங்கதானாம் மொதலாளியம்மா."

அனுசுயா அப்போது தலையாட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் மகனைக் கேட்டாள். அவனுக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. "ரெண்டும்தாம்மா" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் அனுசுயா செட்டுக்குள் நாற்காலி போட்டு உட்காரவில்லை. நேராகப் பந்தலுக்குள் வந்தாள்.

"எனக்கு வெவரம் தெரியாதுன்னு நெனைச்சியா?"

நாகஜோதி கையில் இருந்த சணலைக் கீழே போட்டாள்.

"ஆத்தாளும் மகளும் சேந்து என்னைய முட்டாளாக்குறீக. ஐயா ஒரு கிறுக்கு, இங்கிலீசக் கேட்டதும் மயங்கிட்டாக. இந்தா பாரு, பள்ளிக்கூடம் தொறக்க இன்னம் நாள் இருக்கு. பணம் இன்னம் கட்டல. இங்கன இருக்கையில ஒம் மக தமிழ்ல பேசட்டும். சின்ன மொதலாளின்னு கூப்பிடட்டும். முடியாதுன்னா கவர்மெண்டுப் பள்ளிக்கூடம் இருக்கு, அங்கன யாரும் மொதலாளி இல்ல. அங்கன போகட்டும்."

"சொல்லிர்றேன் மொதலாளியம்மா. நீங்க கோவப்படாதீக."

வீட்டுக்கு நடந்து போகும்போதே நாகஜோதி தொடங்கிவிட்டாள். கண்மாய்க் கரையில் மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. பவானி முன்னால் நடந்தாள்.

"நான் சொல்ல மாட்டேம்மா."

"சொல்லித்தான் ஆகணும்."

"நீ அவனப் பெத்தவ வயசுல இருக்க. அவன் ஒன்னைய என்னன்னு கூப்பிடுறான்?"

நாகஜோதிக்குக் கேள்வி புரியவில்லை. "என்னன்னு கூப்பிடுறாக? நாகஜோதின்னு கூப்பிடுறாக."

"'நாகஜோதி, தண்ணி கொண்டா'ங்கிறான். 'நாகஜோதி, எங்க அப்பா வந்தாகளா'ங்கிறான். அவங்க அப்பாவுக்கு வந்தாக. ஒனக்கு வா, போ. நீயும் 'இந்தா தம்பி, வந்துட்டேன் தம்பி'ன்னு ஓடுற. நான் அவனுக்கு டா போட்டதுக்கு எல்லாரும் கைய நிப்பாட்டிட்டுப் பாத்தாக. அவன் ஒன்னையப் பேரச் சொல்லிக் கூப்பிடயில ஒருத்தரும் நிப்பாட்டல. நீயே நிப்பாட்டல."

நாகஜோதி நடையை நிறுத்திவிட்டாள். அந்தப் பையன் பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். அவன் அப்பாவும் சிறுவனாக இருந்தபோது அவள் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார். அது அவள் காதில் விழாத சத்தமாகவே இருந்துவந்தது. இப்போது மகள் எடுத்துச் சொன்னதும் வெட்கமாக இருந்தது. மகள் மேல் கோபமும் வந்தது.

"ஆமாடி. பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாக. அதுக்கென்ன இப்ப? எனக்கு மரியாத வேணாம், ஒனக்கு ஒம்பதாப்பு வேணும். பத்தாப்பு வேணும். அதுக்கு மேல வேணும். நீ படிச்சு உத்தியோகத்துக்குப் போயி அவனுக்கு யூ போட்டுக்க, நான் வேணாங்கல. இப்ப சொல்லு. எனக்காகச் சொல்லு."

சொல்லிக்கொண்டே அழுதாள். மகள் முன்னால் அவள் அழுததில்லை. பவானி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, சொல்றேன். எல்லா எடத்துலயும் சொல்றேன்" என்றாள்.

நாகஜோதிக்கு முதல் பாதி போதுமாக இருந்தது. இரண்டாம் பாதியை அவள் காதில் வாங்கவில்லை.

பவானி சொன்னதைச் செய்தாள். "சின்ன மொதலாளி, ஐயா கூப்பிடுறாக. வாங்க" என்றாள். தமிழ்மாறன் முதலில் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அனுசுயாவுக்குத் திருப்தி. ஜூன் மாதம் பணம் கட்டியாயிற்று. நாகஜோதி பள்ளிக்கூட அலுவலகத்து வாசலில் நின்று மகள் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, நேரே தோட்டத்துக்கு வந்து அன்றைக்குப் பாதி நாள் வேலை பார்த்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் மிஸ் காதில் விழும்படி தமிழில் பேசக் கூடாது. பேசினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். பவானி இத்தனை வருசத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. ஒன்பதாம் வகுப்பில் முதல் வாரமே நின்றாள். கணக்கு நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கிற பொறுப்பு அவளுக்கு. எல்லோருக்கும் ஆங்கிலத்தில் பேர் சொல்லிக் கொடுத்தவள், தமிழ்மாறன் முன்னால் வந்ததும் குனிந்து, "சின்ன மொதலாளி, இந்தாங்க ஒங்க நோட்டு" என்றாள்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மிஸ் அவளை வெளியே அனுப்பினார். அவள் போய் நின்றாள். மறுநாளும் சொன்னாள், மறுநாளும் நின்றாள். வேறு யாரிடமும் அவள் தமிழில் பேசவில்லை. அவனிடம் மட்டும், தவறாமல், முழு மரியாதையோடு பேசினாள். ஒரு வாரத்தில் வகுப்பு முழுக்க அவனுக்கு அதுதான் பேர். வரிசையில் நின்றால் "சின்ன மொதலாளிக்கு வழி விடுங்கடா" என்றார்கள். விளையாட்டில் பந்தைத் தவறவிட்டால் "மொதலாளி எப்பிடிக் குனிவாக?" என்றார்கள். வேன் டிரைவர்கூடக் கதவைத் திறந்துவிட்டுக் கும்பிடு போட்டார்.

இதெல்லாம் நாகஜோதிக்குத் தெரியாது. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய் வருகிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆவணி பிறந்து, காய் கருக்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலைப்பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மழை வலுத்தால் பழம் வெடித்துவிடும் என்று சீனிச்சாமி வானத்தைப் பார்த்துப் புலம்பிக்கொண்டு போனார். நாகஜோதி கடைசி வரிசையில் தனியாக நின்று அழுகின காய்களை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஆள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"அக்கா."

அவள் தன்னை இல்லை என்று நினைத்தாள். வேறு யார் இந்த வரிசையில் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. தமிழ்மாறன்தான் நின்றான். மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"என்ன தம்பி?"

"பவானிகிட்டச் சொல்லுங்கக்கா. பழையபடி கூப்பிடச் சொல்லுங்க. டேய்னே கூப்பிடட்டும்."

"அவ என்ன பண்ணுனா?"

அவன் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினான். நாகஜோதி கத்தரியை இறக்கினாள். இது மட்டும் வீட்டுக்குத் தெரிந்தால் அடுத்த டேர்ம் அவ்வளவுதான்.

"அம்மாகிட்டச் சொன்னீகளா தம்பி?"

"இல்ல. சொல்ல மாட்டேன். நீங்க அவகிட்டச் சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போய்விட்டான்.

வீட்டுக்குப் போனதும் மகளை அடித்துவிடுவது என்றுதான் நாகஜோதி நினைத்திருந்தாள். பவானி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாகஜோதி எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அடிக்கக் கை வரவில்லை.

"அந்தத் தம்பி வந்துச்சு. அழுதுச்சு. போதும்டி, விட்டுரு."

பவானி சோப்பை வைத்தாள். "ஒன்னைய என்னன்னு கூப்பிட்டான்?"

"அக்கான்னான்."

"நெசமாவா?"

"சொல்லுங்கக்கான்னான். நான் வேற யாரையோன்னு திரும்பிப் பாத்தேன்."

பவானி வாளித் தண்ணீரில் கையை அலசினாள். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரை அவள் சொல்லவில்லை.

ஆனால் மற்றவர்கள் நிறுத்தவில்லை. பேர் அதற்குள் அவளிடமிருந்து கைமாறி ஊருக்குப் பொதுவாகிவிட்டது. வேன் டிரைவர் மூலமாக அது அனுசுயாவின் காதுக்கும் வந்துசேர்ந்தது. யார் ஆரம்பித்தது என்பதும் வந்துசேர்ந்தது.

அறுவடை தொடங்கியிருந்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு. அடுத்த டேர்முக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம். கேரளா லாரி தோட்டத்து வாசலில் நின்றது. பெண்கள் கொத்தை வெட்டி டிரேயில் அடுக்க, நாகஜோதி டிரேயைத் தலையில் ஏற்றி எடை மிசினுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மிசின் பக்கத்தில் சீனிச்சாமி நின்றார். தமிழ்மாறன் எடையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அனுசுயா நாற்காலியில் இருந்தாள்.

"இங்க வச்சே கேட்டுருங்க" என்றாள் அனுசுயா.

சீனிச்சாமிக்கு விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. லாரிக்காரன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். மகனைப் பார்த்தார்.

"ஏன்டா, நாகஜோதி மக ஒன்னையப் பள்ளிக்கூடத்துல சின்ன மொதலாளின்னு கேலி பண்ணுறாளாம்ல? ஒங்கம்மா பணம் கட்ட வேணாங்கிறா. நெசந்தானா? ஒரு வார்த்த சொல்லு, நிப்பாட்டிருவோம்."

நாகஜோதி தலையில் இருந்த டிரேயை இறக்காமல் நின்றாள். கூலிக்குப் பேசத் தெரியும் அவளுக்கு, ஆள் கூட்டப் பேசத் தெரியும். இதற்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே ஜீப் ஏறிவிடுவேன் என்று சொல்லலாம். சொன்னால் தோட்டம் நிற்கும், மகளின் படிப்பும் அதோடு நிற்கும். எல்லாம் அந்தப் பையன் வாயில் இருந்தது. அவன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். நாகஜோதியை மட்டும் பார்க்கவில்லை.

"அவுக மக அப்பிடியெல்லாம் பேசாதுப்பா" என்றான். "வேற பயலுக வச்ச பேரு."

சீனிச்சாமி அந்தப் பேச்சின் பின்பாதியைக் கேட்டார். "பெறகென்ன? பணத்தக் கட்டிருவோம், விடு. நாகஜோதி, டிரேயை எறக்கு, லாரிக்காரன் கத்துறான்" என்று மிசின் பக்கம் திரும்பிவிட்டார்.

அனுசுயா முன்பாதியைக் கேட்டாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மகனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆட்கள் இருந்தார்கள், லாரிக்காரன் இருந்தான். சொல்லவில்லை. தமிழ்மாறன் காது சிவந்து, மிசினில் தெரிந்த எண்ணை உரக்கப் படித்தான்.

நாகஜோதி டிரேயை இறக்கிவைத்துவிட்டுக் காலி டிரே ஒன்றை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் குனிந்து நுழைந்தாள். ஞானசெல்வி கத்தரியோடு காத்திருந்தாள்.

"என்னக்கா சொன்னாக?"

"பணம் கட்டுறாகளாம்."

"பெறகு ஏன் இப்பிடி வேர்த்துப்போயி வாற?"

நாகஜோதி மிசின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அந்தப் பையன், 'அவுக மக'ன்னு சொன்னான்டி."

"யாரச் சொன்னான்?"

"எம் மகளத்தான். என்னைய 'அவ'ன்னு சொல்லல, 'அவுக'ன்னான். அவுக அப்பா அம்மா ரெண்டு பேரும் நிக்கையில."

ஞானசெல்வி வெட்டின கொத்தைக் கையில் பிடித்தபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏக்கா, நீ எப்ப அவுக ஆன?"

பக்கத்து வரிசையிலிருந்தவர்களுக்கும் அது கேட்டுவிட்டது. பந்தலுக்குள் சிரிப்பு ஓடியது. நாகஜோதி சிரிக்கவில்லை. காலி டிரேயைக் கீழே வைத்துவிட்டு இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்தாள். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கி, அடுத்த கொத்தை ஏந்திக்கொண்டு காம்பை வெட்டினாள்.